கரையின் கணக்கு – 9: கால் பங்கு

தேங்காப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தில், ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பியிருந்த விசைப்படகு ஒன்றின் வீல்ஹவுஸுக்குள் என்னை ஏற்றி உட்கார வைத்தார் ஸ்ராங்கு, அதாவது படகை ஓட்டுகிறவர். முன்பக்கக் கண்ணாடிக்கு மேலே மாதா படம். அதன் கீழே சின்னதாக ஒரு மரத்தட்டு. தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். மேலே பிளாஸ்டிக் உறை, அதற்குள் பழைய பனியன் துணி, அதற்குள் ஒரு சேட்டிலைட் போன். நகைப்பெட்டியைத் திறக்கிற கவனத்தோடு அதைப் பிரித்தார்.

“உள்ள நின்னு பேசினா கிட்டாது சாரே. வெளிய வந்து வானத்தப் பாத்து நிக்கணும். மேல ஒரு மறைவும் இருக்கப்பிடாது.”

விலை கேட்டேன். தொகையைச் சொல்லாமல் கணக்கைச் சொன்னார்: “முக்கால் பங்கு சர்க்காருக்க. கால் பங்கு எங்களுக்க.”

அதிகாரிகள் இதையே ‘75 சதவீத மானியம்’ என்பார்கள். ஸ்ராங்கு மானியம் என்ற சொல்லையே எடுக்கவில்லை; பங்கு என்றார். கடற்கரையில் அது லேசான சொல் அல்ல. மீன் விற்ற காசில் டீசல், ஐஸ், இரை, அரிசிச் செலவு போக மிச்சம் படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரியும். அது கூலி இல்லை, பங்கு. மீன் படாத நாளில் நட்டத்திலும் எல்லோருக்கும் பங்கு உண்டு. இதே கரையில் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த மொத்த ஊருக்கும் ‘பங்கு’ என்றுதான் பெயர். அங்குள்ள குருவானவர் பங்குத்தந்தை. காசுக்கும் ஊருக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மக்களிடம் அரசின் பாதுகாப்புப் பணம் எப்படி வந்து சேர்கிறது என்பதே இந்த வாரக் கணக்கு.

அந்தப் போன் இந்தப் படகுக்கு வந்த கதையைச் சொல்ல 2017 நவம்பர் 30, வியாழக்கிழமைக்குப் போக வேண்டும். அன்று காலை எட்டரை மணிக்குக் கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில் தாழ்வு மண்டலம் புயலாக உருவெடுத்தது. பெயர் ஒக்கி. வங்கதேசம் வைத்த பெயர். வங்காளத்தில் கண் என்று பொருள். நாஞ்சில் நாட்டுக்காரர்களான எங்களுக்கு அந்த நாளின் ஞாபகம் மரங்கள்தான். தென்னை தலை முறிந்து விழுந்தது. வாழைத் தோட்டங்கள் பாய் விரித்தாற்போல் படுத்தன. மேற்கே ரப்பர்த் தோட்டங்களில் வரிசை வரிசையாக மரங்கள் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து ஊர் இருட்டில் கிடந்தது. நாங்கள் கறண்டு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்த கரையில் பெண்கள் ஆள் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்வி எங்கள் தெருவுக்கு வந்துசேர நாலைந்து நாளானது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை மாவட்டத்தின் கடற்கரை 71.5 கிலோமீட்டர். அதன் மேற்குக் கோடியில் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று எட்டு ஊர்கள் தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கின்றன. சுறாவையும் சூரையையும் தேடி ஆழ்கடலுக்குப் போவதில் இந்த ஊர்க்காரர்களுக்கு நிகர் இந்தியக் கரையில் குறைவு. லட்சத்தீவு, குஜராத் என்று போய் வாரக்கணக்கில் கடலிலேயே தங்குவார்கள். பல படகுகள் கொச்சியைத் தளமாக வைத்துத் தொழில் செய்பவை.

இப்படிப் போனவர்களுக்கு எச்சரிக்கை எட்ட வழியில்லை. ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று கரையில் அறிவித்தால் கரையில் இருப்பவருக்குத்தான் கேட்கும். கைப்பேசியின் வீச்சு கரையைத் தாண்டிச் சில கடல்மைலில் முடிந்துவிடும். படகில் இருக்கும் வி.எச்.எஃப். கருவி பக்கத்துப் படகோடு பேச உதவும்; நூற்றுக்கணக்கான கடல்மைல் தாண்டிக் கரையை எட்டாது. புயல் வருகிற செய்தி, புயலாகவே அவர்களிடம் வந்தது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். கடலோரக் காவல்படையும் கடற்படையும் தேடின. ஊர்க்காரர்களும் தங்கள் படகுகளிலேயே தேடப் போனார்கள். யார் எந்தப் படகில் போனார்கள், யார் திரும்பினார்கள், யார் திரும்பவில்லை என்ற பட்டியலைப் பங்குகள் வீடு வீடாக எழுதின. அரசு சொன்ன எண்ணும் பங்கு எழுதிய எண்ணும் ஒத்துப்போகவில்லை. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான கடற்கரை மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். இந்த எட்டு ஊர்களும் நிர்வாகத்தில் தமிழ்நாடு. திருச்சபை அமைப்பில் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டம். கேரள அரசு இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் அறிவித்தபோது தமிழக அரசின் அறிவிப்பு 10 லட்சமாக இருந்தது. ஒரே கடல், ஒரே காற்று, இரண்டு விலை. அதை இந்த மக்கள் கேட்ட பிறகு இங்கும் 20 லட்சமானது.

இன்னொரு முடிச்சு, காணாமல் போனவர்கள். உடல் கிடைக்காவிட்டால் இறந்ததாகக் கொள்வதற்கு ஏழு ஆண்டுகள் ஆக வேண்டும் என்றது அன்று நடப்பில் இருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. அந்த ஏழு ஆண்டை இவர்களுக்காகத் தளர்த்தி, காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் 2018இல் அரசு நிதி வழங்கியது. நன்றியோடு நினைக்க வேண்டிய முடிவு அது.

சின்னத்துறையில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். நான் போனது எதற்கு என்று சொன்னதும், அலமாரியிலிருந்து ஒரு ஜவுளிக்கடை மஞ்சள்பையை எடுத்து வந்து பாயில் கவிழ்த்தார். குடும்ப அட்டை நகல், மீனவர் நல வாரிய அட்டை, காவல் நிலையத்தில் கொடுத்த மனுவின் நகல், வாரிசுச் சான்றிதழ், பங்குத்தந்தையின் கடிதம், வங்கிப் புத்தகம், ஒரே போட்டோவின் ஏழெட்டுப் பிரதிகள். “ஒவ்வொரு ஆப்பீசிலும் ஒரு போட்டோ கேப்பாவ மோனே. அதான் கொறச்சு கூடுதலாட்டே எடுத்து வச்சேன்” என்றார். எல்லாம் கிடைத்துவிட்டது என்றும் சொன்னார். கடன் அடைந்தது, மகள் கல்யாணம் நடந்தது. பையைத் திரும்ப அடுக்கும்போது போட்டோக்களை மட்டும் தனியாக எடுத்து, விளிம்பு மடங்காமல் ஒரு நோட்டுக்குள் வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “இதுல பாதி சக்கரத்துக்கு (காசுக்கு) முன்னமே ஒரு போனு வாங்கிக் கொடுத்திருக்கப்பிடாதா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நாட்டின் நிதி ஏற்பாட்டிடமும் அன்று இல்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 48ஆம் பிரிவில், மாநிலத்திலும் மாவட்டத்திலும் இரண்டு வகை நிதியங்கள் வேண்டும் என்கிறது. ஒன்று பேரிடர் வந்தபின் செலவிட. மற்றது வருமுன் பாதிப்பைத் தணிக்க. முதல் வகை நிதியம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. தணிப்பு நிதியத்துக்கு முறையான ஒதுக்கீடு வந்தது, 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கான கணக்கைப் போட்டபோதுதான். அதிலும் 80 விழுக்காடு முதல் வகை நிதியத்துக்கு, 20 விழுக்காடு தணிப்பு நிதியத்துக்கு. ஒக்கி வந்த 2017இல் அந்த இருபதுகூட இல்லை.

ஒக்கிக்குப் பிறகு தமிழக அரசு செய்தவை குறைவில்லை. ஆழ்கடல் படகுகளுக்கு 75 சதவீத மானியத்தில் சேட்டிலைட் போன், எச்சரிக்கைச் செய்தி வாங்கும் கருவிகள். அடுத்து, மாநிலம் முழுவதும் ஐயாயிரத்தை ஒட்டிய விசைப்படகுகளுக்கு இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர் இலவசமாகப் பொருத்தும் திட்டம். இதன் செலவில் மத்திய அரசு 60, மாநில அரசு 40. ஆபத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் கரைக்குத் தெரியும். கரையும் படகுக்குச் செய்தி அனுப்பலாம். கடலோரப் பாதுகாப்புக் குழுமம் மூலம் மீனவ இளைஞர்களைக் கடற்படை, கடலோரக் காவல்படை வேலைகளுக்குத் தயார்செய்யும் பயிற்சி நடக்கிறது. கன்னியாகுமரி அதன் மையங்களில் ஒன்று. தங்குமிடம், சாப்பாட்டோடு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையும் உண்டு. அவசரத்துக்குக் குழுமத்தின் 1093, காவல்படையின் 1554 ஆகிய எண்களைக் கரையில் சிறுபிள்ளைகளும் சொல்கிறார்கள்.

குறை எங்கே என்றால், இவற்றில் எது முதலில் வேண்டும், எங்கே வேண்டும் என்று கேட்கிற இடத்தில் கரைக்குப் பங்கு இல்லை. நான் ஏறிய படகு நின்ற துறைமுகத்தையே பாருங்கள். குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் பொழிமுகம் அது. மணல் மேடிட்டு, அலை உயர்ந்து, துறைமுக வாயிலிலேயே படகுகள் கவிழ்ந்து பல உயிர்கள் போயிருக்கின்றன. ஆழ்கடலில் தப்பி வந்தவன் கரை தெரியும் தூரத்தில் சாவது என்ன கொடுமை! அலைத்தடுப்புச் சுவரின் வடிவம் சரியில்லை, மணல் எந்தப் பக்கம் சேரும், நீவாடு (நீரோட்டம்) எந்த மாதத்தில் எப்படித் திரும்பும் என்பதை இந்தக் கரைக்காரர்கள் மனு மனுவாக எழுதினார்கள். திருத்தப் பணிக்கு நிதி பிறகு வந்தது. அந்த அறிவு வரைபடம் போடும் நாளிலேயே மேசைக்கு வந்திருந்தால், அந்தச் செலவும் மிஞ்சியிருக்கும், உயிர்களும் மிஞ்சியிருக்கும்.

பங்கு கேட்பது பேராசை அல்ல. மாநிலப் பேரிடர் நிதியில் மத்திய அரசு 75, மாநில அரசு 25. அதாவது டெல்லிக்கு முன்னால் தமிழ்நாடும் கால் பங்குக்காரர்தான். ‘எங்கள் சேதத்தை எங்களைக் கேட்டு மதிப்பிடுங்கள், விதிகளை எங்களைக் கேட்டு எழுதுங்கள்’ என்று சென்னை எத்தனையோ முறை டெல்லியிடம் வாதாடியிருக்கிறது. நியாயமான வாதம். அதே நியாயம், சேட்டிலைட் போனுக்குக் கால் பங்கு கட்டிய தூத்தூர்க்காரருக்கும் உண்டு. இதற்கு முன்மாதிரி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1997–98இல் தொடங்கி, பின்னர் மறுபடி உயிர்பெற்ற ‘நமக்கு நாமே’ திட்டத்தில் ஊர் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால், என்ன வேலை வேண்டும் என்று முன்மொழிகிறவர்களும் அவர்களே. பள்ளிக்கூடச் சுவருக்குப் பொருந்துகிற முறை கடல் பாதுகாப்புக்குப் பொருந்தாதா?

ஒக்கிக்குப் பெயர் வைத்த வங்கதேசம் இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துப் படித்த நாடு. 1970 நவம்பரில் வந்த போலா புயலில் அங்கே குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். நாடு விடுதலை அடைந்த கையோடு, அரசும் செம்பிறைச் சங்கமும் சேர்ந்து புயல் ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. அதன் ஆயுதம் கொடி, மெகாபோன், சைக்கிள், ஊர்க்காரர்கள். இன்று அதில் 76,000 தொண்டர்கள். சரிபாதிப் பேர் பெண்கள். வீடு வீடாகப் போய் எழுப்புகிறவர் அந்தத் தெருக்காரர் என்பதால் சொன்னால் எழுந்து வருகிறார்கள். அண்மைப் புயல்களில் அங்கே உயிரிழப்பு லட்சங்களிலிருந்து பத்துகளுக்கு இறங்கியிருக்கிறது. கருவிக்கும் புயல்காப்பகத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஊரை நம்பியதற்கும் உண்டு.

இங்கே அந்த ஊர் புதிதாக உருவாக வேண்டியதில்லை. பங்குப்பேரவை இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. எந்தப் படகு எந்தத் திசையில், எத்தனை பேரோடு போனது என்பது கரையில் இருக்கும் பெண்களுக்குத் தெரியும். மாவட்டத்தின் தணிப்பு நிதியில் ஒரு பகுதியை, இவர்கள் உட்காரும் ஒரு குழுவின் முடிவில் செலவிடலாம். போன் வாங்க மானியம் உண்டு, மாதக் கட்டணத்துக்கு இல்லை என்பதை அந்தக் குழு முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதம் கட்டணத்தை யார் கட்டுவது? கட்டாமல் விட்டால், தடை முடிந்து முதல்நாள் கடலுக்குப் போகும் படகில் இருப்பது போனா, வெறும் பிளாஸ்டிக்கா?

இதை ஸ்ராங்கிடமே கேட்டேன். “பங்கு வைக்குமுன்ன எடுத்து மாத்தி வச்சிருவோம் சாரே. டீசல் மாதிரிதான் இதும்” என்றார். பிறகு போனைக் கையில் கொடுத்து, சேமித்திருக்கும் எண்களைக் காட்டினார். முதலில் இருந்தது அதிகாரி எண் இல்லை, படகு உரிமையாளர் எண்ணும் இல்லை. ஊரின் பள்ளிமேடை, அதாவது பங்குத்தந்தை குடியிருக்கும் வீடு.

“அங்க அடிச்சா மணி அடிப்பாவ. மைக்கில சொல்லுவாவ. அரை மணிக்கூறுல ஊரு முழுக்க அறியும். பின்ன ஆரை விளிக்கணும், எந்தப் படகு பக்கத்துல நிக்குன்னு அவியளே பாத்துக்கிடுவாவ.”

போனைப் பனியன் துணியில் சுற்றி, உறைக்குள் போட்டு, மாதா படத்துக்குக் கீழே வைத்தார். கடலில் உயிருக்கு ஆபத்து என்றால் முதல் அழைப்பு எந்த வீட்டுக்குப் போகிறதோ, அந்த வீட்டுத் திண்ணையிலிருந்துதான் அரசின் திட்டமும் தொடங்க வேண்டும்.

(அடுத்த வாரம்: மணக்குடிப் பாலம்)