ஊசி படாத முயல்

ஊசி குத்தினால் வலிக்கத்தானே செய்யும்? வலி குறையும் என்கிறது சீனாவின் அக்குபங்சர். எப்படி என்று 1965இல் ஆராயத் தொடங்கினார், பெய்ஜிங் மருத்துவக் கல்லூரியின் உடலியல் அறிஞர் ஹான் ஜிஷெங். அவருடைய குழு ஒரு முயலுக்கு ஊசி குத்தி, அதன் மூளைத் தண்டுவட நீரை எடுத்து, ஊசியே படாத இன்னொரு முயலின் மூளைக்குள் செலுத்தியது. அந்த முயலுக்கும் வலி தாங்கும் சக்தி கூடிவிட்டது! ஏதோ வேதிப்பொருள்கள் சுரந்திருக்க வேண்டும் அல்லவா? எண்டார்ஃபின் போல, உடல் தானே தயாரிக்கும் வலிநிவாரணிகள்தாம் அவை என்று பின்னர் தெரிந்தது.

ஆனால், உயிராற்றல் ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் பாதைகள் உடற்கூறியலுக்கு இன்னும் அகப்படவில்லை. ஜெர்மனியில் முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரிடம் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. முறைப்படி ஊசி போட்டதில் 100க்கு சுமார் 48 பேருக்குக் குணம் தெரிந்தது. குத்த வேண்டிய புள்ளிகளை வேண்டுமென்றே தவிர்த்துப் போட்டதிலும் 44 பேருக்கு! வழக்கமான சிகிச்சையிலோ 27 பேருக்குத்தான். குத்தும் இடம் அவ்வளவு முக்கியமில்லை போலும்.

அக்குபங்சருக்குப் போகிறவர்கள், ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் புது ஊசிதானா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.