அடுத்த பக்கம் போனால் தேடல் ஏன் தொலைகிறது?

வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில் ஊர் மதுரை, துறை கணக்கு என்று தேர்ந்தெடுத்துப் பட்டியலை வரவழைக்கிறோம். ‘அடுத்த பக்கம்’ என்பதை அழுத்தியதும் எல்லா ஊர் வேலைகளும் வந்து கொட்டுகின்றன. நாம்தான் எதையோ தவறாக அழுத்திவிட்டோம் என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறோம். தவறு நம்முடையது அல்ல, அந்த லிங்க்கை உருவாக்கிய, பக்கத்தின் வார்ப்பான டெம்ப்ளேட்டினுடையது. நம் தேர்வுகள் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் ‘?ஊர்=மதுரை&துறை=கணக்கு’ என்று நிற்கின்றன. டெம்ப்ளேட்டில் ‘?பக்கம்=2’ என்று மட்டும் எழுதியிருந்தால், பிரவுசர் அதைப் பழையதோடு சேர்க்காது; கேள்விக்குறிக்குப் பிந்தைய பகுதி முழுவதையும் எடுத்துவிட்டு இதை வைக்கும். இணைய முகவரிகளுக்கான விதிகளை வகுத்த, 2005-ல் வெளியான ஆர்எஃப்சி 3986 ஆவணம் அப்படித்தான் சொல்கிறது. பிரவுசர் விதிப்படி நடக்கிறது என்றால், பழையதைக் காப்பாற்றும் பொறுப்பு பக்கத்தை எழுதுபவருக்குத்தான். மாற்றச் சொன்னதை மட்டும் மாற்றி மற்றதைத் தொடாமல் விடுவதே டெம்ப்ளேட்டின் இயல்பாக இருக்க வேண்டும்.

அவசரத்துக்குப் பலரும் செய்வது, ‘?பக்கம்=3&’ என்று எழுதி அதன் வாலில் பழைய தேர்வுகளை அப்படியே ஒட்டுவது. அந்தப் பழையதற்குள் ‘பக்கம்=2’ என்பதும் இருக்கும். ஒரே பெயர் இருமுறை வந்தால், இணையத்தளங்களைக் கட்டப் பயன்படும் ஜாங்கோ என்ற நிரல் கட்டமைப்பு கடைசி மதிப்பைத்தான் தரும். ஆகவே எத்தனை முறை அழுத்தினாலும் வாசகர் இரண்டாம் பக்கத்திலேயே நிற்பார். ஒட்டுவதற்குப் பதில், பழைய தேர்வுகளை நகலெடுத்து, ஒன்றை மட்டும் மாற்றி, முகவரியைப் புதிதாகக் கட்ட வேண்டும். 2024 ஆகஸ்டில் வந்த ஜாங்கோ 5.1, இதற்கென்றே ‘குவெரிஸ்ட்ரிங்’ என்ற டேக்கைச் சேர்த்தது. இவ்வளவு அன்றாடத் தேவைக்கு அதுவரை ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக நிரல் எழுதிக்கொண்டிருந்தது வருத்தத்துக்குரியது.

தேர்வுகளை சர்வரில், ஒவ்வொரு வாசகருக்குமான தற்காலிக நினைவான செஷனில் வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். அப்படிச் செய்தால், ஒரு டேபில் மதுரையையும் இன்னொன்றில் கோவையையும் திறந்தவருக்கு இரண்டும் குழம்பிவிடும். நண்பருக்கு அனுப்பிய லிங்க்கில் தேடல் போய்ச் சேராது. எல்லாவற்றையும் சுமந்துபோவது ஆபத்து என்ற வாதம் இதைவிட வலுவானது. ஊரை மாற்றும்போது பழைய பக்க எண்ணையும் காத்தால், இல்லாத ஏழாம் பக்கத்துக்குப் போய் விழுவோம். முகவரியில் வருவது யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியது என்பதும் உண்மை. 2015 ஏப்ரலில் வேர்ட்பிரஸ் பிளகின்கள் பலவற்றில் ஒரே மாதிரியான பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. இப்படி முகவரி கட்டித்தரும் ஃபங்ஷனின் விடையை எஸ்கேப் செய்யாமல், அதாவது அதிலுள்ள சிறப்புக் குறிகளை நிரலாகச் செயல்படாதபடி மாற்றாமல், பக்கத்தில் அச்சிட்டதுதான் காரணம். ஆனால் இவை காப்பதற்கு எதிரான காரணங்கள் ஆகா. பக்க எண்ணை விடச் சொல்லி வெளிப்படையாக எழுதலாம், தெரிந்த பெயர்களை மட்டும் அனுமதிக்கலாம், அச்சிடும் இடத்தில் தவறாமல் எஸ்கேப் செய்யலாம். முகவரி நீண்டுவிடும் என்ற குறை தமிழுக்குக் கூடுதலாகவே பொருந்தும்: யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் என்பதால், ‘மதுரை’ என்ற சொல் மட்டுமே சதவீதக் குறிகளோடு 45 எழுத்துகளாகிறது. ஆனாலும் அப்பாச்சி சர்வர் ஒரு கோரிக்கையின் முதல் வரிக்கு இயல்பாகவே 8190 பைட் வரை இடம் தருகிறது. பத்துத் தேர்வுகள் கொண்ட தேடலும் அதற்குள் தாராளமாக அடங்கும்.