ரொக்க ஏடும் அடுக்களையும்

ஸ்ரீராம்புரத்தின் உட்தெருக்களில் மாலை வேளையில் நடப்பவர் கண்ணில் இரண்டு காட்சிகள் படாமல் போகா. ஒரு வாசலில் இட்லி மாவுப் பாத்திரமும் தராசும் இருக்கும். அடுத்த வீட்டுச் சன்னலில், ரவிக்கை தைத்துத் தரப்படும் என்று கன்னடத்திலும் தமிழிலும் எழுதிய அட்டை தொங்கும். பெங்களூரு ஆலைகளில் வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி இது. ஆலைச் சம்பளம் நின்றுபோன வீடுகள் பலவற்றில், இன்று பெண்கள் வீட்டிலிருந்தே செய்யும் தொழில்தான் அடுப்பை எரியவைக்கிறது.

இத்தொழில்களை நடத்தும் வாடிக்கையாளர்களிடம் மாத லாபம் எவ்வளவு என்று நாம் கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: "செலவு போக ஏதோ நிற்கிறது." இந்த 'ஏதோ' என்ற சொல்லைச் சற்று ஆராய வேண்டும். கணக்குத் தெரியாததால் பிறந்த சொல்லன்று அது. அரிசி, உளுந்து விலையை அவர்கள் மனத்திலேயே கூட்டிவிடுவார்கள். வீட்டைப் பற்றிய பாடத்தையும் வணிகத்தைப் பற்றிய பாடத்தையும் தனித்தனி அறைகளில் வைத்த பழைய கல்விமுறைக்கும் இதில் பங்குண்டு என்பது நம் கருத்து.

அமெரிக்காவில் 1917ஆம் ஆண்டின் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் பள்ளித் தொழிற்கல்விக்கு மைய அரசின் நிதியை அளித்தது. மனையியலும் அதில் இடம்பெற்றது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில், தையல் இயந்திரங்களும் அடுப்புகளும் வரிசையாக அமைந்த மனையியல் வகுப்பு ஒருபுறமும், தட்டச்சு, சுருக்கெழுத்து, கணக்குப்பதிவு கற்பிக்கும் வணிக வகுப்பு மறுபுறமும் இருந்தன. இரண்டிலும் மாணவியரே மிகுதி. ஒன்று இல்லத்தரசியை உருவாக்கியது. மற்றொன்று அலுவலக எழுத்தரை உருவாக்கியது. இல்லத்திலிருந்தே வணிகம் நடத்துபவளுக்கென ஓர் அறை இல்லை.

இந்தியாவிலும் அதே பிரிவு வந்தது. 1952இல் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக்குழுவில், அட்லாண்டாவிலிருந்து வந்த கென்னத் ராஸ்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கரும், பரோடா பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஹன்சா மேத்தாவும் உறுப்பினர்கள். குழுவின் 1953ஆம் ஆண்டு அறிக்கை பல்நோக்குப் பள்ளிகளையும் ஏழு பாடப் பிரிவுகளையும் பரிந்துரைத்தது. வணிகவியல் ஒரு பிரிவு. மனையியல் மற்றொரு பிரிவு. மாணவி ஏதேனும் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ளலாம். பின்னர் 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரிக் குழு, முதல் பத்து ஆண்டுகளுக்குப் பொதுக்கல்வியே போதும் என்றதும் பிரிவுகள் மேல்வகுப்புகளுக்குத் தள்ளப்பட்டன. பள்ளிக்கு வெளியே தட்டச்சுப் பயிலகங்கள் தெருவுக்குத் தெரு தழைத்தன. 'ஏ எஸ் டி எஃப்' என்று விரல்கள் பழகிய ஓசையை நம் வாசகர்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கும் குறிக்கோள் அலுவலக வேலையே.

வணிக வகுப்பின் முதல் பாடங்களில் ஒன்று தனித்தன்மைக் கோட்பாடு. தொழில் வேறு, அதன் உரிமையாளர் வேறு; உரிமையாளர் தம் வீட்டுக்கென எடுக்கும் பணம் 'எடுப்பு' என்று தனியே பதியப்பட வேண்டும். மனையியல் வகுப்போ வரவுக்குள் செலவை அடக்கும் குடும்ப வரவுசெலவுத் திட்டத்தைக் கற்பித்தது. மாவு விற்கும் பெண்ணுக்கு இரண்டும் ஒரே நாளில் தேவைப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். நாளொன்றுக்கு 20 கிலோ மாவு, கிலோ 50 ரூபாய் வீதம், வரவு 1,000 ரூபாய். அரிசி, உளுந்து, வெந்தயம், மின்சாரம், உறைகள், விற்காமல் புளித்துப்போவது எல்லாம் சேர்த்துச் செலவு 640. மீதி 360. கிரைண்டர் விலை 18,000 ரூபாய், அது ஐந்து ஆண்டு உழைக்கும் என்று கொண்டால் தேய்மானம் நாளுக்கு 10 ரூபாய். மீதி 350. இதுவரை பலரும் கணக்கிட்டுவிடுவார்கள். ஆனால் ஊறவைப்பது முதல் விற்று முடிப்பது வரை நான்கு மணி நேர உழைப்பு இருக்கிறதே? வேறொருவரை அமர்த்தினால் மணிக்கு 60 ரூபாயாவது கொடுக்க வேண்டும். அந்த 240ஐக் கழித்தால் தொழிலின் உண்மையான லாபம் 110 ரூபாய்தான்.

இப்போது உளுந்து கிலோவுக்கு 40 ரூபாய் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோ மாவுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உளுந்து. கூடுதல் செலவு 60. லாபம் 50 ஆகச் சுருங்கிவிட்டது. தன் கூலியை எழுதாதவர் கண்ணுக்கோ இன்னும் 290 ரூபாய் நிற்கிறது. எனவே விலையை உயர்த்தத் தயங்குகிறார். தையலிலும் நிலை இதுவே. நூலும் கொக்கியும் கணக்கில் வருகின்றன, கண் வலிக்கத் தைத்த மணிகள் வருவதில்லை.

அஞ்சறைப் பெட்டியில் விற்பனைப் பணத்தை வைத்து, அதிலிருந்தே பள்ளிக் கட்டணமும் கட்டினால் அடுத்த வார உளுந்துக்குக் கைமாற்று வாங்க நேரிடும். ஆகவே, வாரம் ஒருமுறை குறித்த தொகையைத் தம் கூலியாக எடுத்து வீட்டுச் செலவில் சேர்ப்பதும், மற்றதைத் தொழிலுக்கென்றே ஒரு சேமிப்புக் கணக்கிலோ நடப்புக் கணக்கிலோ இடுவதும் நல்லது. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும், தமிழிலேயே எழுதலாம். தேதி, வரவு, செலவு, எடுப்பு என்று நான்கு பத்திகள்.

இன்னொன்று, நாம் பலமுறை கண்டு வருந்துவது. வாசலில் ஒட்டியிருக்கும் யுபிஐ குறியீடு கணவர் அல்லது மகன் பெயரில் இருக்கிறது. கிரைண்டருக்கு முன் நிற்பவர் ஒருவர், பணம் சேர்வது மற்றொருவர் கணக்கில். இதில் குடும்பத்துக்குள் பூசல் ஏதுமில்லை, வசதிக்காகச் செய்ததே. ஆனால் ஐந்து ஆண்டு தொழில் செய்த பிறகும் அப்பெண்ணின் பெயரில் ஒரு வரவுப் பதிவும் இராது. இரண்டாவது கிரைண்டர் வாங்கக் கடன் கேட்டு வரும்போது, அவருடைய உழைப்பைக் காட்டும் தாள் எதுவும் அவர் கையில் இல்லை.

2015 ஏப்ரலில் தொடங்கிய பிரதமரின் முத்ரா திட்டத்தில் 'சிசு' வகையில் 50,000 ரூபாய் வரை பிணையமின்றிக் கடன் உண்டு. உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் பதியலாம். விண்ணப்பத்தோடு கடந்த மாதங்களின் கணக்கு அறிக்கையும் அந்த நோட்டுப் புத்தகமும் இருந்தால், விற்பனை எவ்வளவு, தவணை கட்ட எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கிளை அலுவலரோடு சேர்ந்தே பார்த்துவிடலாம். குறியீட்டைத் தம் பெயருக்கு மாற்ற விரும்புபவர், கணக்குடன் இணைந்த கைப்பேசி எண் தம்முடையதுதானா என்பதை முதலில் சரிபார்த்துக்கொண்டு கிளைக்கு வரவும்.