பங்கு போட முடியாத சொத்து

தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் தந்தை விட்டுச்செல்லும் நிலம் தலைமுறைதோறும் வரப்பு வரப்பாகப் பிரிந்துகொண்டே போகும். கடலூர் மாவட்டத்தில் நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களிலோ அந்த நிலம் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் கையகப்படுத்தப்பட்டு, இழப்பீட்டுத் தொகையாகவும் மாற்று மனையாகவும், சில குடும்பங்களுக்கு ஒரு வேலையாகவும் மாறிய பிறகே வாரிசுகளின் கைக்கு வருகிறது. பணத்தைக் கணக்குப் பார்த்துப் பிரித்துவிடலாம், மனையை அளந்து கல் நட்டுவிடலாம். வேலையை அவ்வாறு பிரிக்க வழியில்லை. நெய்வேலிப் பகுதியில் உடன்பிறந்தோரின் நேர்மை சோதனைக்குள்ளாவது பெரும்பாலும் இந்த மூன்றாவது சொத்தில்தான்.

நிலக்கரியாக முற்றுவதற்கு முந்தைய நிலையில், ஈரம் மிகுந்து பழுப்பு நிறத்தில் கிடைக்கும் எரிபொருளே பழுப்பு நிலக்கரி எனப்படுகிறது. 1930-களில் அப்பகுதி நிலக்கிழாரான ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது அது வெளிப்பட்டது என்பதும், பின்னர் அவர் 620 ஏக்கர் நிலத்தை இத்திட்டத்துக்காக அரசுக்கு வழங்கினார் என்பதும் நெய்வேலி வரலாற்றின் தொடக்கப் பக்கங்கள். அந்த நிலம் அவருடைய வாரிசுகளுக்கு வந்திருக்கக்கூடிய சொத்தும்கூட என்பதைப் பாராட்டுரைகள் பொதுவாகக் கவனிப்பதில்லை.

நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் 1956 நவம்பரில் நிறுவப்பட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான். உயில் எழுதாமல் இறந்தவரின் சுயார்ஜித சொத்தில், அதாவது அவர் தாமே ஈட்டிய சொத்தில், மகன், மகள், மனைவி, தாய் ஆகியோருக்குச் சம பங்கு உண்டு என்று அச்சட்டம் கூறியது. பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே கிடைக்கும் கூட்டுப் பங்குரிமையை மட்டும் ஆண்மக்களிடமே விட்டுவைத்தது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகள்களுக்கும் அவ்வுரிமை கிடைத்தது என்றாலும், அதற்கு முன்பே மணமானவர்கள் விலக்கப்பட்டனர். 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்திருத்தம் அந்த விலக்கையும் நீக்கியது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டுமா என்ற ஐயத்தை உச்ச நீதிமன்றம் 2020-இல், இருந்திருக்க வேண்டியதில்லை என்று தீர்த்துவைத்தது. இவ்வளவுக்குப் பிறகும், மகளுக்குப் போட்ட நகையையும் செய்த சீரையும் பங்குக்கு ஈடாகக் கழித்துக்கொள்ளும் வீட்டுக் கணக்கு மறையவில்லை. மகனின் படிப்புக்கும் திருமணத்துக்கும் ஆன செலவு அந்தக் கணக்கில் ஒருபோதும் ஏறுவதில்லை என்பது வசதியான மறதி.

இழப்பீட்டுத் தொகையில் எவருக்கு எவ்வளவு என்ற தகராறு முற்றினால், தொகையை நீதிமன்றத்தில் வைப்பீடு செய்து பங்கை அங்கே முடிவு செய்யும் வழி 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் வேலைக்கு அப்படியொரு வழி எச்சட்டத்திலும் இல்லை. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு நிரந்தர வேலை என்பது இப்பகுதிப் போராட்டங்களின் நெடுங்காலக் கோரிக்கை. சிலருக்கு அது கிடைத்தது, பலருக்கு ஒப்பந்த வேலையோ பணமோதான் கிடைத்தது. 2022-இல் அறிவிக்கப்பட்ட ஏக்கருக்கு 23 லட்சம் ரூபாய் இழப்பீடு என்ற விகிதத்தில், ஓர் ஏக்கருக்கு நான்கு வாரிசுகள் இருந்தால் தலைக்கு 5 லட்சத்து 75 ஆயிரம் வரும். அந்த நால்வரில் ஒருவர் அதே நிலத்தின் பெயரால் வேலையையும் பெற்று, பணத்திலும் சமபங்கு நியாயம் பேசிக் கால் பங்கை வாங்கிக்கொள்வாரானால் சட்டம் அவரைக் குறை கூறாது. ஆயினும் பல ஆண்டு ஊதியம் என்னும் பெரும்பங்கு அவரிடம் சேர்ந்துவிட்டதை மற்ற மூவரும் மறக்கவும் மாட்டார்கள். இளையவனுக்கு வேலை, மூத்தவனுக்குப் பணம், அக்காளுக்குக் கையெழுத்து என்று முடியும் பாகப்பிரிவினையில் அக்காளிடம் எஞ்சுவது என்ன என்று கேட்பவர் அரிது.

பணியிலிருக்கும்போது இறந்தவரின் குடும்பத்தில் ஒருவருக்குத் தரப்படும் கருணை அடிப்படையிலான பணியும் இவ்வகையினதே. அது வாரிசுரிமையாகக் கோரத்தக்கதன்று, வருவாய் ஈட்டியவரைத் திடீரென இழந்த குடும்பம் நெருக்கடியைக் கடப்பதற்கான உதவி மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் விளக்கியது. அந்த விளக்கத்தின் மறுபக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது: உதவி குடும்பத்துக்கானது எனில், வேலையில் சேர்ந்தவர் குடும்பத்தின் சார்பில் அதைப் பெற்றிருக்கிறார் என்றாகிறது, தாயின் மருத்துவச் செலவையும் தம்பியின் படிப்பையும் அவர் தம் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொள்ள இடமில்லை.

நிலக்கரிக் கழகத்தின் நகரியத்துக்குள் நிலைமை சற்று வேறு. வட்டம் வட்டமாக வகுக்கப்பட்ட குடியிருப்புகளில் உள்ள வீடு நிறுவனத்துடையது; முப்பது ஆண்டு வாழ்ந்த குவார்ட்டர்ஸும் பணி ஓய்வுக்குப் பின் காலி செய்யப்பட வேண்டியதே, ஆகவே அதன்மேல் வழக்குத் தொடுக்க எவருக்கும் இடமில்லை. அங்கே பூசல் வேறொரு வாயில் வழியாக நுழைகிறது. வங்கி வைப்பில் நியமனதாரராக, அதாவது நாமினியாக, பெயர் எழுதப்பட்டவரே தொகைக்கு உரிமையாளர் என்ற தவறான நம்பிக்கை பரவலாக உள்ளது. காப்பீட்டுத் தொகையிலும், 2015-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வரும்வரை, நாமினி அதைப் பெற்றுக்கொள்பவரே அன்றி உரிமையாளர் அல்லர், வாரிசுகளுக்கு உரியது வாரிசுகளுக்கே சேரும் என்பதே 1984-இல் உச்ச நீதிமன்றம் கூறிய நிலை. அப்படியிருந்தும், பெயர் இருந்த ஒரே காரணத்தால் முழுத் தொகையையும் வைத்துக்கொள்பவருக்கு எதிராக உடன்பிறந்தோர் பலர் வழக்குக்குப் போவதில்லை. அதைச் சம்மதம் என்று கொள்ள முடியாது; அண்ணன் வீட்டு வாசலை மீண்டும் மிதிக்க வேண்டியிருக்கிறதே என்ற தயக்கம்தான் அது.

குடும்ப ஒற்றுமை என்று புகழப்படுவதில் ஒரு பகுதி இத்தகைய மௌனமே என்பதால், சண்டை இல்லாத வீட்டையெல்லாம் நியாயம் நடந்த வீடு என்று கொள்வதற்கில்லை. வாரிசு ஒருவர் தம் பங்குரிமையை மற்றொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுத்துப் பதிவு செய்யும் ஆவணம் விடுதலைப் பத்திரம் எனப்படும். அதைக் கைம்மாறு பெற்றும் எழுதலாம், பெறாமலும் எழுதலாம். வழக்கத்தில் அது சகோதரிகள் சகோதரர்களுக்கு எழுதித் தருவதாகவே ஆகிவிட்டது. நிலத்தின் பெயரால் வேலை பெற்றவர் எஞ்சிய மனையிலும் நஞ்சையிலும் தமக்குள்ள பங்கை அக்காளுக்கோ தம்பிக்கோ எழுதித் தருவதற்கும் அதே பத்திரம்தான், அதே சார்பதிவாளர் அலுவலகம்தான். எழுதுபவர் பெயரும் பெறுபவர் பெயரும் மட்டும் இடம் மாறும்.