ஆறாத புண்ணும் ஸ்டெம் செல் ஊசியும்

சர்க்கரை நோயால் காலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தால், யாராவது ஒருவர் ஸ்டெம் செல் ஊசியைப் பற்றிச் சொல்லிவிடுவார். வயிற்றுக் கொழுப்பிலிருந்து செல்லை எடுத்துப் புண்ணில் போட்டால் புதுத் தோல் முளைத்துவிடுமாம். காலையே எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்திருக்கும் குடும்பம், கடன் வாங்கியாவது பணம் கட்டத் தயாராகிவிடும். கட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப் போடும் செல்கள் பெரும்பாலும் தோலாக மாறுவதே இல்லை.

தோலுக்குச் சொந்தமாகவே ஸ்டெம் செல்கள் உண்டு. மேல்தோலின் அடியடுக்கிலும் முடிவேரிலும் அவை இருக்கின்றன. காயம் பட்டதும் தட்டணுக்கள் ரத்தத்தை உறையவைத்து, வேதிச் செய்திகளை அனுப்புகின்றன. மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் அப்புறப்படுத்துகின்றன. ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் இழைகளால் படுக்கை போடுகின்றன. விளிம்பிலுள்ள ஸ்டெம் செல்கள் பிரிந்து பெருக, தோல் செல்கள் அந்தப் படுக்கையின் மேல் ஊர்ந்து புண்ணை மூடுகின்றன.

எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து எடுக்கும் மெசன்கைமல் ஸ்டெம் செல்களின் வேலை வேறு. புண்ணில் போட்டபின் அவற்றில் பெரும்பாலானவை நெடுநாள் தங்குவதில்லை. இருக்கும்வரை அவை சுரக்கும் புரதங்கள்தான் வேலை செய்கின்றன: ரத்தக் குழாய்களை வளரத் தூண்டும், தோல் செல்களை நகரவைக்கும், மேக்ரோஃபேஜ்களின் கொந்தளிப்பை அடக்கும். சர்க்கரைப் புண்ணில் மேக்ரோஃபேஜ்கள் அழற்சி நிலையிலேயே நின்றுவிடுவதால்தான் ஆராய்ச்சியாளர்களுக்கு இதில் நம்பிக்கை. சிறு ஆய்வுகளில் நல்ல முடிவுகளும் வந்திருக்கின்றன. ஆனால் எந்தச் செல், எத்தனை, எத்தனை முறை என்பது இன்னும் முடிவாகவில்லை. முடிவாகாத ஒன்றுக்கு விலைப்பட்டியல் மட்டும் தயாராக இருப்பது எனக்கு விந்தையாகத்தான் படுகிறது.

தோலின் ஸ்டெம் செல்கள் உயிர் காத்த கதைகளும் உண்மையே. அமெரிக்காவில் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் 1975இல் மனிதத் தோல் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். 2017இல் வெளியான ஆய்வொன்றில், தோல் உரியும் மரபுநோய் கொண்ட 7 வயதுச் சிறுவனுக்கு ஜெர்மனியில் ஏறத்தாழ 80 சதவீத மேல்தோலே மாற்றப்பட்டது. இது மரபணு ஆய்வகமும் அறுவை அரங்கும் சேர்ந்து நடத்தியது. கிளினிக்கில் போடும் ஊசிக்கு இதைச் சாட்சியாகச் சொல்ல முடியாது. பிஆர்பி என்பதையும் ஸ்டெம் செல் என்று விற்கிறார்கள். அது நம் ரத்தத்தின் தட்டணுச் செறிவு, அவ்வளவே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றத்தை மட்டுமே நிலைபெற்ற சிகிச்சையாக ஏற்கிறது. ரத்தக் குழாயை அடைக்கும் பர்கர் நோய் போன்ற ஓரிரண்டுக்கு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக ஒப்புதல் தந்த தயாரிப்புகள் உண்டு. மற்றவை அனுமதி பெற்ற ஆய்வாகவே நடக்க வேண்டும். ஆய்வென்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் தர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர 2019 மருத்துவ ஆய்வு விதிகள் வகைசெய்கின்றன. எனவே இந்தியாவின் ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐயின் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் கேளுங்கள். பதிவு மட்டும் இருந்தால் போதாது. ஃபுளோரிடாவில் கண்ணில் கொழுப்புச் செல் ஊசி போட்டுக்கொண்டு பார்வை பறிபோன மூன்று பெண்களின் விவரம் 2017இல் வெளியானது. அந்தச் சிகிச்சையும் அங்குள்ள ஆய்வுப் பதிவேட்டில் இருந்ததுதான். ஆளுக்கு 5,000 டாலர் வாங்கியிருந்தார்கள்.

ஊசியால் வரக்கூடிய கிருமித் தொற்று இன்னொரு ஆபத்து. சர்க்கரைப் புண்ணில் அதைவிடப் பெரியது காலம் வீணாவது. செத்த சதையை அகற்றுவது, புண்மேல் பாரம் விழாத காலணி, காலின் ரத்த ஓட்டப் பரிசோதனை, தொற்றுக்கு மருந்து, சர்க்கரைக் கட்டுப்பாடு: இவற்றில் பெரும்பாலானவை அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கும். ஊசியை நம்பி இவற்றைத் தள்ளிப்போட்ட வாரங்களில் விரலோடு போக வேண்டியது முழங்கால்வரை போய்விடலாம்.

ஏமாந்துவிட்டால் முதலில் மருத்துவப் பதிவேடுகளை எழுத்துமூலம் கேளுங்கள். 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்துங்கள். சர்க்கரை நோயைக் குணமாக்குவோம் என்ற விளம்பரத்தை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்கிறது. மருத்துவர்மீது மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். கட்டணச் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருப்பதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். வழி கேட்க 1915 என்ற உதவி எண் உண்டு. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடவும் செய்யலாம்.