7 கிலோவுக்குள் ஒரு ஸ்டூடியோ!

முதுகில் மாட்டும் காமிராப் பை வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் சாதாரணமாக என்ன செய்கிறார்கள்? எத்தனை அறை, எத்தனை ஜிப் என்று எண்ணுகிறார்கள். மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று, இப்படியும் அப்படியும் திரும்பி அழகு பார்க்கிறார்கள். வெறும் பையைத் தராசில் வைத்துப் பார்க்கிறவர் அபூர்வம். விமானத்தில் போக உத்தேசமுள்ளவர் முதலில் செய்ய வேண்டிய காரியமோ அதுதான்!

நம் உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பிரயாணி கையோடு கொண்டுபோகும் பைக்குப் பொதுவாக 7 கிலோதான் அனுமதி. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அந்த அளவுக்குள் அடங்கும் பை எத்தனையோ கிடைக்கிறது. எடைதான் ஆளைக் கவிழ்த்துவிடுகிறது.

வெளியூர்க் கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போகிறவரின் மூட்டையைச் சற்று நிறுத்துப் பார்ப்போமா? காமிரா இரண்டு, 1.4 கிலோ. 24-70 லென்ஸ் 0.8, 70-200 லென்ஸ் 1.4. பிளாஷ் அரைக் கிலோ. லாப்டாப்பும் சார்ஜரும் 1.9. பாட்டரி, கார்டு, ஒயர் என்று உதிரிகள் 0.4. ஆக 6.4 கிலோ. இன்னும் பையே வரவில்லை! கனத்த மெத்தை வைத்துத் தைத்த காமிராப் பைகள் பல, காலியாகவே 2 கிலோவைத் தாண்டுகின்றன. கூட்டிக்கொள்ளுங்கள், எட்டரைக் கிலோ. மாற்றுச் சட்டையைப் பற்றி யார் நினைத்தது?

விமான வாசலில் ஊழியர் தராசைக் காட்டி, "இது உள்ளே வராது சார், கீழே சரக்கில்தான் போட வேண்டும்" என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? பை எறிபடலாம், பிந்தியும் வரலாம், முகூர்த்தம் பிந்துமா? சரக்கில் போட்ட காமிராவுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பல நிறுவனங்கள் நிபந்தனையில் எழுதியே வைத்திருக்கின்றன. போதாக்குறைக்கு, உதிரி லித்தியம் பாட்டரியும் பவர் பாங்கும் சரக்கில் போகவே கூடாது. தீப்பிடித்தால் அணைக்க அங்கே ஆள் ஏது? ஆகவே அந்த நெரிசலில் பையைத் தரையில் கவிழ்த்து அவற்றைப் பொறுக்க வேண்டும். (பாட்டரி ஒன்றுக்கு 100 வாட்-அவர் வரை தடையில்லை, 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பெரிய லாப்டாப்கள் சிலவற்றின் பாட்டரி 100-ஐ ஒட்டி நின்றுவிடுவதன் ரகசியம் இதுதான்.)

ஆகவே, காலிப் பை ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கட்டும். அதைவிட முக்கியம், காமிராக்கள் வைக்கும் மெத்தைப் பெட்டி பையோடு சேர்த்துத் தைத்ததாக இராமல், தனியே உருவி எடுக்கும்படி இருக்க வேண்டும். வாசலில் தகராறு வந்தால் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, சட்டை துணியோடு பையைக் கீழே அனுப்பிவிடலாம். எத்தனை ஜிப் இருந்தாலும் இந்த ஒரு வசதிக்கு ஈடாகாது என்பது என் கட்சி.

லாப்டாப்புக்கு மெல்லிய உறை ஒன்று தனியாக வைத்துக்கொள்ளலாம். இண்டிகோ போன்ற நிறுவனத்தில் 7 கிலோப் பையைத் தவிர, 3 கிலோ வரை லாப்டாப் பை ஒன்றும் கொண்டுபோகலாம். லாப்டாப்பும் சார்ஜரும் அதற்குள் போய்விட்டால், மேலே சொன்ன எட்டரை 6.6 ஆகிவிடுகிறது! மற்ற நிறுவனங்களின் விதியை டிக்கெட் வாங்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது. பைக்குள்ளேயே லாப்டாப் அறை வேண்டுமென்றால், அதன் அடியில் கைவிட்டுப் பாருங்கள். அறை பையின் அடித்தட்டு வரை இறங்காமல் இரண்டு விரல் உயரத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால், பையைத் தொப்பென்று தரையில் வைக்கும்போதெல்லாம் அடி லாப்டாப்புக்குத்தான். சோதனைச் சாவடியில் லாப்டாப்பைத் தனித் தட்டில் வைக்கச் சொல்வார்கள். காமிராவைக் கலைக்காமல் அதை உருவ முடிகிறதா என்றும் கடையிலேயே சோதித்துவிடுங்கள்.

முதுகுப் பக்கமாகத் திறக்கும் பைகளும் உண்டு. மாட்டியிருக்கும்போது பின்னாலிருந்து எவனும் கைவிட முடியாது. ரயிலடிக்கும் திருவிழாவுக்கும் வெகு சௌகரியம். முக்காலியைப் பற்றிக் கவலை வேண்டாம், அது சரக்கிலேயே போகட்டும்.

இவ்வளவு செய்தும் அரைக் கிலோ மிஞ்சினால்? உடுத்தியிருக்கும் சட்டைப் பையை யாரும் நிறுப்பதில்லை. சித்திரை வெயிலில் மீனம்பாக்கத்தில் ஒருவர் கனத்த கோட்டு மாட்டிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நின்றால், பைத்தியமோ என்று எண்ணிவிடாதீர்கள். உள்பையில் 24-70 இருக்கும்!