வழுக்கையாற்றங்கரையில் ஒரு பழம்பட்டினம்

நதிக்கரை நகரங்களைக் காணவேண்டுமென்ற ஆவல் நம்மவர்க்கு என்றும் உண்டு. காவிரிக்கரையிலே திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையையும் திருவரங்கத்தையும், வைகைக்கரையிலே மதுரையையும், மல்வத்து ஓயாக் கரையிலே அனுராதபுரத்தையும் கண்டு மீண்டோர் நம் ஊர்களிற் பலர். அவர்கள் அந்நகரங்களின் சிறப்பை எடுத்துரைத்தபின், "எங்கள் குடாநாட்டில் ஆறும் இல்லை, ஆற்றங்கரை நகரமும் இல்லை" என்று ஒரு பெருமூச்சும் விடுவது வழக்கம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது பழமொழி. அளவெட்டியிலிருந்து துவிச்சக்கரவண்டியிற் புறப்பட்டால் காலைப் பொழுதுக்குள்ளேயே பார்த்து மீளத்தக்க தூரத்தில், மதுரைக்கும் அனுராதபுரத்துக்கும் ஒப்பான பழைமை வாய்ந்த பட்டினம் ஒன்று ஆற்றங்கரையில் அமைந்திருந்தது. அதன் பெயர் கந்தரோடை. ஆற்றின் பெயர் வழுக்கையாறு.

மழைக்காலத்து நதி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. பெய்யும் மழையில் பெரும்பகுதியை அக்கல் உறிஞ்சி உள்ளே தேக்கிக்கொள்ளும். நமது கிணறுகளில் ஊறுவது அந்நீரே. ஆதலால் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கு அமையவில்லை. எனினும் ஐப்பசி தொடங்கி மார்கழி முடியப் பெய்யும் பருவமழை மிகுந்தபோது, நிலத்தின் தாழ்ந்த பகுதியிலே குளங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து, ஒரு நீரோட்டமாகத் திரள்கின்றன. இதுவே வழுக்கையாறு. தெல்லிப்பழைப் பகுதியிலே தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், மானிப்பாய், நவாலி முதலிய ஊர்களை ஒட்டிச் சென்று, அராலியிலே கடனீரேரியை அடைகின்றது. அதன் நீளம் ஏறக்குறைய 10 மைல். கோடையில் வருவோர் கண்ணுக்கு அது வயலாகவும் தரவையாகவுமே தோன்றும். மார்கழியில் வருவோருக்கு அங்கே தெளிந்த நீரும், அல்லியும் தாமரையும், மதகோரத்தில் தூண்டிலிட்டு நிற்கும் சிறுவரும் காட்சி தருவர்.

ஆற்றின் மேற்பகுதியில் உள்ள அளவெட்டியிலேயே நமது உலாவைத் தொடங்குதல் பொருத்தமாகும். கும்பழாவளைப் பிள்ளையாரை வணங்கிப் புறப்படுவது இவ்வூர் மரபு. நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனும், தவில் மேதை தெட்சணாமூர்த்தியும், 'மகாகவி' என்னும் புனைபெயர் பூண்ட கவிஞர் து. உருத்திரமூர்த்தியும் இவ்வூரின் பெயரைக் கடல் கடந்தும் ஒலிக்கச் செய்தவர்கள். மகாகவி 1927ஆம் ஆண்டு இங்கே பிறந்து 1971ஆம் ஆண்டு மறைந்தார். காவிரிக்கரையின் இசை மரபு வேரூன்றித் தழைத்த ஈழத்து ஊர்களுள் அளவெட்டி ஒன்று என்பதை இசை அறிந்த எவரும் மறுக்கமாட்டார்.

முருகைக்கல்லில் எழுந்த தூபிகள்

அளவெட்டியிலிருந்து தெற்கே, பனங்கூடல்களும் புகையிலை, வெண்காயத் தோட்டங்களும் நிறைந்த ஒழுங்கைகளைக் கடந்தால் கந்தரோடை வந்துவிடும். கொழும்பிலிருந்து வருவோர் சுன்னாகம் புகையிரத நிலையத்தில் இறங்கி மேற்கே செல்லலாம். 1990ஆம் ஆண்டு தடைப்பட்ட காங்கேசன்துறைப் புகையிரதப் பாதை 2015ஆம் ஆண்டு மீண்டும் திறக்கப்பட்டதனால் இப்பயணம் எளிதாயிற்று.

வேலியிட்ட ஒரு வளவினுள்ளே, பனைகளின் நடுவே, சிறியவும் பெரியவுமாகப் பல தூபிகள் நெருங்கி நிற்பதைக் காண்கின்றோம். அனுராதபுரத்துத் தூபிகளைப்போல் வானளாவியவை அல்ல இவை. சில நம் இடுப்பளவுக்கே உயர்ந்தவை. கடற்கரை ஊர்களில் வீடு கட்டவும் மதில் எழுப்பவும் பயன்பட்ட அதே முருகைக்கல்லால் ஆனவை. இவற்றின் அடித்தளங்கள் 1960களின் பிற்பகுதியிலே அகழ்ந்து வெளிக்கொணரப்பட்டன. இன்று நாம் காணும் வடிவம் தொல்பொருளியற் பகுதியினர் அவ்வடித்தளங்களின்மேல் திரும்பவும் அமைத்தது.

இவ்விடத்தின் பழைமையை அறிஞர் உலகுக்கு முதலில் எடுத்துக்காட்டியவர் வரலாற்றாசிரியர் போல் ஈ. பீரிஸ். 1917ஆம் ஆண்டையொட்டி அவர் இங்கே ஆராய்ந்தபோது உரோம நாணயங்களும், முத்திரை குத்திய இந்திய நாணயங்களும், திருமகள் உருவம் பொறித்த தகடுகளும், மணிகளும் கிடைத்தன. பின்னர் 1970ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் இங்கு அகழ்வாய்வு நடத்தினர். தென்னிந்தியப் பெருங்கற்காலத்துக்குரிய கறுப்புச் சிவப்பு மட்கலங்களும், புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்தவற்றை ஒத்த மட்கலங்களும் மண்ணடுக்குகளிலிருந்து வெளிவந்தன. தூபிகள் எழுவதற்கு முன்பே, கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே, இங்கு மக்கள் செறிந்து வாழ்ந்தனர் என்பது இதனால் உறுதியாயிற்று.

பெயர் பல, ஊர் ஒன்று

இவ்வூருக்குப் பெயர்கள் பல. 'நம்பொத்த' என்னும் பழைய சிங்கள நூல் கதுருகொட விகாரை என ஒன்றைக் கூறும். அது இதுவே என்பர். மயில்வாகனப் புலவரின் 'யாழ்ப்பாண வைபவமாலை' கூறும் கதிரமலை என்னும் இராசதானி இதுவே என்பாரும் உளர். தூபி கண்டவுடன் "இது எவருக்குரியது?" என்ற வாதம் எழுவதும் நாம் அறிந்ததே. பௌத்தம் என்றும் ஒரு மொழியாருக்கு மட்டும் உரிய சமயமாக இருந்ததில்லை. தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலை பௌத்த நூல். காஞ்சியிலும் நாகபட்டினத்திலும் பௌத்தப் பள்ளிகள் இருந்தன. ஆகவே இங்கு வருவோர் பெயர்ப்பலகையைப் பார்த்து மகிழ்ந்தோ வருந்தியோ திரும்பிவிடாமல், இன்னொரு கேள்வியையும் கேட்கவேண்டுமென்பது நமது விருப்பம். குடாநாட்டில் எத்தனையோ இடமிருக்க, பழம்பட்டினம் இந்த இடத்தில் எழுந்தது ஏன்?

விடை வேலிக்கு வெளியே கிடக்கின்றது. தூபிகளைப் பார்த்தபின் கந்தரோடைக் குளத்தின் பக்கம் சற்று நடந்து வாருங்கள். குளத்து நீரும், வழுக்கையாற்றுப் பள்ளத்தின் நெல்வயல்களும் அங்கே கண்ணிற்படும். பயிர் விளைந்த இடத்தில் மக்கள் பெருகினர். ஆறு சேரும் கடனீரேரி தெற்கே வழி திறந்தது. வடகரையிலே, பழைய சம்புகோளத் துறைமுகம் என்று கருதப்படும் சம்புத்துறை, மாதகலுக்கு அருகே சில மைல் தூரத்தில் இருந்தது. உழவும் வணிகமும் சந்தித்த இடத்திலே நகரம் எழுந்தது. வைகைக்கரையிற் கீழடியும், நொய்யற்கரையிற் கொடுமணலும், காவிரி கடலொடு கலக்குமிடத்திற் பூம்புகாரும் எழுந்த முறையும் இதுதான். தூபிகளை மட்டும் பார்ப்பவர் கற்குவியலைக் காண்பர். ஆற்றையும் சேர்த்துப் பார்ப்பவர் நகரத்தைக் காண்பர்.

ஆறு சென்ற வழியே

கந்தரோடையோடு நின்றுவிடாமல் ஆற்றைத் தொடர்ந்து செல்வோர்க்கு இன்னும் பல காட்சிகள் உண்டு. சண்டிலிப்பாயைக் கடந்து மானிப்பாயை அடைந்தால், மருதடிப் பிள்ளையார் கோயிலும் கிறீன் ஞாபகார்த்த மருத்துவமனையும் அங்கே உள்ளன. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்குவித்தார் என்பதைப் பிள்ளைகளுக்கு அவசியம் எடுத்துச் சொல்லவேண்டும்.

நவாலி, ஆடிப்பிறப்பைப் பாடிக் குழந்தைகளின் நெஞ்சில் இடம்பெற்ற சோமசுந்தரப் புலவரின் ஊர். 1995ஆம் ஆண்டு யூலை 9ஆந் திகதி, அடைக்கலம் தேடி வந்த மக்கள் நிறைந்திருந்த நவாலித் தேவாலயத்தின்மீது விமானக் குண்டு வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே சற்று நின்று தலைவணங்கிச் செல்வது வழிப்போக்கர் கடமை.

அயலூராகிய ஆனைக்கோட்டையில் 1980ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் பெருங்கற்கால ஈமப் புதைகுழிகளை அகழ்ந்தபோது, ஒரு வரியிற் குறியீடுகளும் மறுவரியிற் பிராமி எழுத்தும் பொறித்த சிறு முத்திரை ஒன்று கிடைத்தது. எழுத்தை அறிஞர் 'கோவேத' என வாசித்தனர். விரல்நுனி அளவான அப்பொருள், எழுத்தறிந்த ஒரு சமுதாயம் இவ்வாற்றின் அயலிலே வாழ்ந்தமைக்குச் சான்று.

முடிவில் அராலி. இங்கே ஆற்றின் வாயிலே தடுப்பணை ஒன்று இருக்கின்றது. மாரியில் மிகுந்த வெள்ளத்தைக் கடனீரேரிக்கு விடவும், கோடையில் உவர்நீர் உட்புகாது தடுக்கவும் அமைந்தது அது. அணையின் ஒரு பக்கம் நன்னீர், மறுபக்கம் உவர்நீர். மாலை வெயிலில் நீர்ப்பறவைகள் இறங்கும் இவ்விடத்திலே கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்பது தனி இன்பம். மறுநாள் நேரமிருப்பின் யாழ்ப்பாணம் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருட் காட்சிச்சாலைக்குச் சென்றால், கந்தரோடை மண்ணிலிருந்து எடுத்த பொருள்கள் சிலவற்றையும் காணலாம்.

காண்போர் கவனத்துக்கு

வெளிநாடுகளில் வாழும் நம் உறவினர் பெரும்பாலும் ஆடி, ஆவணி மாதங்களிலேயே ஊருக்கு வருகின்றனர். அக்காலத்தில் ஆறு வறண்டு கிடக்கும். "ஆறு எங்கே?" என்று பிள்ளைகள் கேட்டால், வறண்ட பள்ளத்தையே காட்டி, மழை வந்தால் இது என்னவாகும் என்பதை விளக்குங்கள். இயலுமானால் ஒருமுறையேனும் மார்கழியில் அழைத்து வாருங்கள். வழியில் ஓட்டுத் துண்டோ மணியோ கண்டால் நினைவுப் பொருளாக எடுத்துச் செல்லவேண்டாம். கிடந்த இடத்தை விட்டுப் பிரிந்த பொருள் தன் கதையைச் சொல்லும் வன்மையை இழந்துவிடும்.

இன்னுமொன்று. பழம்பட்டினத்தின் பெரும்பகுதி இன்றும் வீட்டுவளவுகளுக்கும் தோட்டங்களுக்கும் கீழேயே கிடக்கின்றது. அதை நிலம் காத்துவருகின்றது. ஆற்றைக் காக்க நிலத்தால் இயலாது. குளம் தூர்ந்தாலும், வாய்க்காலைக் குப்பையோ மதிலோ மறித்தாலும், மாரி வெள்ளம் வீட்டு முற்றங்களுக்குட் புகும். நிலத்துட் சேரவேண்டிய நீர் குறையும். குறைந்த இடத்திற் கிணறு உவர்க்கத் தொடங்கும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரத்தை வாழவைத்த அதே நீரைத்தான் இன்று நாமும் குடிக்கின்றோம். கந்தரோடையைப் பார்க்கச் செல்வோர் இந்த ஒன்றை மனத்திற் கொண்டு வீடு திரும்புவாராயின், அவ்வுலா பயனுள்ள உலாவாகும்.